கண்மாய்க் கரை யானையும் அரியணை யானையும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் காட்டு யானை கிடையாது. அது தங்குவதற்கு ஏற்ற காடும் இல்லை, வலசை போகும் வழியும் இல்லை. செம்மண் பொட்டல், கருங்கல் குன்று, தைலமரம், முந்திரித் தோப்பு, இவற்றுக்கு நடுவே மழையை நம்பிக் கிடக்கும் கண்மாய்கள் என்பதுதான் இந்த நிலம். அப்படியிருந்தும் யானையின் உருவம் இங்கே எங்கும் இருக்கிறது. சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் இருக்கிறது. நார்த்தாமலையில் மண்டபத்தின் அடிப்பகுதியில் வரிசையாக நிற்கிறது. செட்டிநாட்டு வீடுகளில் வாசல் நிலைக்கு மேலே திருமகளுக்கு இரு பக்கமும் நிற்கிறது. ஐயனார் கோயில் தோப்பில் சுட்ட மண்ணாய் நின்று வெயிலிலும் மழையிலும் கரைகிறது.

கண்ணால் அன்றாடம் காணாத ஒரு விலங்கை ஒரு மாவட்டம் ஏன் இப்படி வரைந்தும் செதுக்கியும் வனைந்தும் வைத்துக்கொண்டது? யானை அரச மிடுக்கின் அடையாளம், நால்வகைப் படையில் ஒன்று, அதனால் வந்தது என்பது கலை வரலாற்று நூல்களில் வழக்கமாகக் கிடைக்கும் விடை. அதில் தவறில்லை. ஆனால் புதுக்கோட்டையில் உள்ள யானைகளை இடம் இடமாகப் போய்ப் பார்த்தால் அந்த விடை பாதிக்குக்கூடக் காணாது. இங்குள்ள யானைகளில் பெரும்பாலானவை போர்க்களத்தில் நிற்கவில்லை. குளத்துக்குள்ளோ, குளத்துக்குப் பக்கத்திலோ, நீர்க்குடத்தைத் தூக்கிக்கொண்டோதான் நிற்கின்றன. வறண்ட நாட்டுக்காரர்கள் யானையை முதலில் நீரோடு சேர்த்தே நினைத்தார்கள் என்பது என் துணிபு. அதைச் சோதித்துப் பார்க்க, யானையை வேறு விதமாக நினைத்த ஒரு நாட்டின் அருகில் இதை வைத்துப் பார்ப்பது உதவும். அந்த நாடு சீனா.

சீனாவில் ஒரு காலத்தில் யானை இருந்தது. வட சீனத்தில் அன்யாங் என்னுமிடத்தில், ஷாங் மன்னர்களின் தலைநகரம் இருந்த இடத்தில், 1935-லும் 1978-லும் நடந்த அகழாய்வுகளில் பலியிட்டுப் புதைத்த யானைகளின் எலும்புகள் கிடைத்தன. 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய யானை வடிவ வெண்கல மதுக்கலங்களும் உண்டு. ஹுனான் மாநிலத்தில் 1975-ல் கிடைத்த ஒன்றில், தூக்கிய துதிக்கையின் வழியாகத்தான் மது ஊற்றப்படும். பிறகு தட்பவெப்பம் குளிர்ந்தது. காடு வயலானது. தந்தத்துக்காக வேட்டை நடந்தது. நூற்றாண்டுக்கு நூற்றாண்டு யானை தெற்கே பின்வாங்கி, இன்று பர்மா, லாவோஸ் எல்லையை ஒட்டிய யுன்னான் மாநிலத்தில் சில நூறு மட்டும் எஞ்சியிருக்கிறது. வரலாற்றாசிரியர் மார்க் எல்வின் 2004-ல் வெளியிட்ட சீனச் சுற்றுச்சூழல் வரலாற்று நூலுக்கு இந்தப் பின்வாங்கலைத்தான் தலைப்பாக்கினார்.

நிலத்திலிருந்து யானை போகப் போக, அரண்மனைக்குள் அதன் உருவம் பெருகியது. வடக்குச் சுங் மன்னர்களின் கல்லறைகளுக்குப் போகும் வழியில் பாகனோடு கல் யானைகள் நிற்கின்றன. நான்ஜிங்கில் மிங் வம்சத்தின் முதல் மன்னருடைய கல்லறை வழியில் 6 வகை விலங்குகள் வகைக்கு 4 வீதம் நிற்கின்றன. யானையில் ஒரு சோடி நின்றபடி, ஒரு சோடி படுத்தபடி. உயிருள்ள யானைகள் சம்பா, சயாம், பர்மா ஆகிய நாடுகளிலிருந்து திறையாக வந்தன. பெய்ஜிங்கில் 1495-ல் அவற்றுக்கென்று கொட்டாரம் கட்டினார்கள். கோடையில் அவற்றை அகழிக்கு ஓட்டிப்போய்க் குளிப்பாட்டுவதைப் பார்க்க நகரமே திரளும். அரசவை கூடும் நாட்களில் அவை வாயிலில் எதிரெதிரே சோடியாக நிற்கும்.

அரியணை மண்டபத்துக்குள் நிற்பது அதன் இன்னொரு வடிவம். பெய்ஜிங் அரண்மனையின் பெரிய மண்டபத்தில் அரியணைக்கு இரு பக்கமும் ஒவ்வொரு யானை உண்டு. உலோக உடலின் மேல் மெல்லிய கம்பியால் கோலமிட்டு, இடைவெளிகளில் வண்ண எனாமல் நிரப்பிச் சூளையில் இட்டு எடுத்த வேலை. முதுகில் சேணம், சேணத்தின் மேல் ஒரு குடுவை. சீன மொழியில் யானையைக் குறிக்கும் ஒலியும் அறிகுறியைக் குறிக்கும் ஒலியும் ஒன்று. குடுவைக்கும் அமைதிக்கும் அப்படியே. ஆகவே குடுவை சுமந்த யானை என்றால் நாடெங்கும் அமைதி நிலவுவதற்கு அறிகுறி. சிங் வம்ச அரண்மனையில் இந்த உருவம் பச்சைக்கல்லிலும் பீங்கானிலும் பட்டிலும் திரும்பத் திரும்ப வருகிறது. திறையாக வந்த விலங்கு அடங்கி நிற்பதால் எல்லைகள் அடங்கியிருக்கின்றன என்பது அதன் உட்பொருள். அந்த யானை அசையாது, உண்ணாது, நீரில் இறங்காது. அதன் வேலை நிற்பது மட்டும்தான்.

இந்த நினைப்போடு சித்தன்னவாசலுக்கு வந்தால் முதலில் கண்ணில் படுவது அசைவு. புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் வழியில், குன்றின் மேற்குச் சரிவில் குடைந்த சிறிய சமணக் கோயில் இது. அறிவர் கோயில் என்பது பெயர். பல்லவன் மகேந்திரவர்மன் செய்தது என்று முதலில் எழுதியவர்கள் நினைத்தார்கள். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுக்கினான் என்று சொல்லும் கல்வெட்டு படிக்கப்பட்ட பின், நாம் பார்க்கும் ஓவியங்கள் 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தவை என்ற கருத்து நிலைபெற்றது. உள்ளூர் வரலாற்றாசிரியர் எஸ். இராதாகிருஷ்ண ஐயர்தான் இவற்றை முதலில் எழுத்தில் கொண்டுவந்தவர். பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் 1920-களில் இவற்றைப் பரவலாக அறியச் செய்தார்.

முன் மண்டபத்தின் விதானம் முழுக்க ஒரு தாமரைக் குளம். நிமிர்ந்து பார்க்கும்போது, குளத்தின் அடியில் நின்று மேலே பார்ப்பது போலத் தோன்றும். மலர்ந்த பூ, அரும்பு, விரிந்த இலை, பின்பக்கம் காட்டிச் சுருண்ட இலை என்று இடைவெளியே இல்லை. இலைகளுக்கு நடுவே மீன்கள், அன்னங்கள், எருமைகள். கோவணம் கட்டிய ஆடவர்கள் பூப் பறிக்கிறார்கள். ஒருவர் தோளில் தண்டோடு பறித்த தாமரை. இவர்களோடு ஒன்றாய் யானைகளும் நீரில் இறங்கியிருக்கின்றன. உடலின் பெரும்பகுதி இலைகளுக்குள் மறைய, துதிக்கை தாமரைத் தண்டுகளுக்குள் புகுந்து அலைகிறது. மேலே பட்டம் இல்லை, அம்பாரி இல்லை, பாகன் இல்லை. தீற்றிய கோட்டில் தயக்கம் கொஞ்சமும் இல்லை. வண்ணங்களை ஆராய்ந்த சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன், வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்கு மரக்கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவி மண், பச்சைக்கு ஒரு வகைப் பசுமண் என்று கண்டறிந்தார். பெரும்பாலும் மண்ணிலும் அடுப்பிலும் கிடைப்பவைதான்.

சமணர் சொல்லும் சமவசரணத்தில், தீர்த்தங்கரரின் உரை கேட்க வருவோர் கடந்து செல்லும் நீர்ப்பகுதி ஒன்று உண்டு. இந்தக் குளம் அதுதான் என்பது அறிஞர் பலரும் ஏற்ற விளக்கம். அதை நானும் ஏற்கிறேன். ஆனால் சமய விளக்கம், குளத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. ஓவியனுக்கு இந்தக் குளம் எங்கிருந்து கிடைத்தது என்பதைச் சொல்வதில்லை. எருமை இறங்கிக் கிடக்கும் நீர், பூப் பறிக்கக் கோவணத்தோடு இறங்கும் ஆள், இலையடியில் மீன் எல்லாம் கண்மாய் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உரியவை. அந்தக் கண்மாய்க்குள் ஓவியன் யானையை இறக்கினான். நிறைந்த குளம் எது என்றால் யானை இறங்கிக் குளித்தும் கலங்காத குளம். பாண்டியர் காலத்தில் இந்தப் பகுதியில் குளத்து நீரைத் திறந்துவிடும் மடையும் குமிழியும் அமைத்த செய்தி கல்வெட்டுகளில் மறுபடி மறுபடி வருகிறது. குமிழித் தூண்களிலேயே எழுதி நட்டிருக்கிறார்கள். விதானத்துக் குளத்தையும் வெளியே தோண்டிய குளத்தையும் தனித்தனியாகப் படிப்பது நமக்குப் பழகிவிட்டது. இரண்டும் ஒரே தலைமுறைகளின் கவலையிலிருந்து வந்தவை.

நார்த்தாமலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேலமலையில் விசயாலய சோழீச்சுரத்துக்கு எதிரே உள்ள சமணர் குடகு, இப்போது 12 திருமால் உருவங்கள் நிற்கும் குடைவரை. அதன் முன்னே இடிந்த மண்டபத்தின் அதிட்டானத்தில் யாளியும் யானையும் ஓடும் வரி உண்டு. கட்டடத்தைத் தாங்கும் வேலை இந்த யானைகளுக்கு. இந்தியா முழுதும் உள்ள வழக்கம்தான். புதுக்கோட்டைக்கென்று தனியாக இதில் ஒன்றுமில்லை. வேலைப்பாட்டின் நேர்த்திக்காகப் பார்க்க வேண்டியது.

ஆனால் நார்த்தாமலை வணிகர் ஊர். நகரத்தார் நிர்வாகத்தில் இருந்த தெலுங்க குலகாலபுரம் இதுதான். பக்கத்தில் கொடும்பாளூர், இருக்குவேளிரின் தலைநகர். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவும் கல்வெட்டுகளில் வருகிறது. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தை மணிக்கிராமத்தாரின் பாதுகாப்பில் விட்டதைச் சொல்கிறது. கடல் கடந்து போன இடத்திலும் தமிழ் வணிகன் தன் பெயரைப் பொறித்தது குளத்தின் மேல்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்ளத் தோன்றுகிறது. சோழ மன்னர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனத்துக்குத் தூது அனுப்பினார்கள். முதல் தூதின் காணிக்கையில் முத்தோடு யானைத் தந்தமும் இருந்ததைச் சீனக் குறிப்புகள் சொல்கின்றன.

இந்தக் கடல் பாதையின் கடைசியில் சீனாவின் சுவான்சௌ துறைமுகம் இருக்கிறது. 1281 சித்திரையில், சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளுவித்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அந்தக் கோயில் இன்று இல்லை. அதன் கற்கள் நகரெங்கும் சிதறி, பௌத்தக் கோயிலுக்கும் வேறு கட்டடங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஒரு பலகைக் கல்லில் ஒரு யானை சிவலிங்கத்துக்கு முன்னே நின்று துதிக்கையில் பூவெடுத்து வழிபடுகிறது. திருச்சிக்காரருக்கும் புதுக்கோட்டைக்காரருக்கும் விளக்கம் தேவையில்லாத காட்சி இது. திருவானைக்காவில் காவிரி நீரைத் துதிக்கையில் முகந்து வந்து லிங்கத்துக்குச் சொரிந்த யானையின் கதையை நினைத்துத்தான் இதைச் செதுக்கியிருக்க வேண்டும் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். கயேந்திர மோட்சமும் அதே நகரின் கைய்யுவான் கோயில் தூணில் இருக்கிறது: குளத்தில் இறங்கிய யானையின் காலை முதலை பற்ற, திருமால் வந்து மீட்கும் கதை. ஆக, சீன அரண்மனை யானை குடுவை சுமந்து நின்றுகொண்டிருந்த அதே நாட்டின் ஒரு கரையில், தமிழர் கொண்டுபோன யானை பூவும் நீருமாக வழிபட்டுக்கொண்டிருந்தது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்து விரிவாக எழுதப்பட்ட ஆய்வு வர வேண்டும். தமிழகப் பல்கலைக்கழகங்களில் சீன மொழி தெரிந்த கலை வரலாற்று மாணவர்கள் உருவாக வேண்டியதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

சீனத்துக்கு உள்ளேயும் யானை எல்லா இடத்திலும் அசையாமல் நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எமெய் மலையில் 980-ல் வார்த்த வெண்கலச் சிலையில், போதிசத்துவர் சமந்தபத்திரர் ஆறு தந்தங்களுள்ள வெள்ளை யானை மேல் அமர்ந்திருக்கிறார். உயரம் 7 மீட்டருக்கு மேல். மலையேறி வரும் ஏழை எளியவரின் வழிபாட்டுக்குரிய யானை அது. வெள்ளை யானை மேல் அமர்ந்தவர் என்ற அளவில் அவர் நம் ஐயனாருக்கு அண்ணன் தம்பி உறவு.

புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்கள் காலத்துக்கு வந்தால் அரச யானை முன்னுக்கு வருகிறது. விசயநகர வேந்தன் சீரங்கராயனின் மதம் பிடித்த யானையை அடக்கியதற்காகத் தம் முன்னோர் விருதுகளும் நிலமும் பெற்றார்கள் என்பது இந்த மரபின் வம்சாவளிக் கதை. புதுக்கோட்டை அரசைப் பற்றி 1987-ல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் நிக்கோலஸ் டர்க்ஸ் இத்தகைய கதைகளை அரசுரிமை எப்படி உண்டாகிறது என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார். யானையை அடக்குபவன் ஆளத் தகுந்தவன். அடங்கிய யானை பெரிய அரசனிடமிருந்து சிறிய அரசனுக்கு மதிப்பைக் கொண்டுவருகிறது. சீன அரண்மனைக்கு மிக அருகில் வரும் புதுக்கோட்டை யானை இதுதான். ஆனாலும் தொண்டைமான்கள் மக்கள் கையில் கொடுத்த அம்மன் காசில் யானையைப் பொறிக்கவில்லை. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறு பக்கம் தெலுங்கில் விசய என்ற எழுத்து. நவராத்திரியில் அரிசியோடு வழங்கிய காசில் அரச விலங்குக்கு இடம் தராமல் அம்மனுக்குத் தந்தது சிறிய செய்தியாக எனக்குப் படவில்லை.

மக்களுடைய யானையைப் பார்க்கக் கண்மாய்க் கரைக்குத்தான் போக வேண்டும். மாவட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய், குளம், ஏந்தல்கள் உண்டு. அவற்றின் கரைகளில் பலவற்றைக் காப்பவர் ஐயனார். சிவன் கோயிலில் நந்தி இருக்கும் இடத்தில் ஐயனார் கோயிலில் யானை இருக்கும். குதிரை அவர் இரவில் காவல் சுற்றுவதற்கு. யானை அவருடைய நிலையான ஊர்தி. இந்திரனுடைய ஐராவதம் வெண்மேகமாக நின்று மழை தரும் என்ற பழைய நினைப்பு இந்த வெள்ளை யானையிலும் இருக்கிறது. ஊரில் யாரும் அப்படி விளக்கிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் மழை பொய்த்தால் முதலில் பேச்சு வருவது ஐயனாருக்கு மண் உருவம் செய்து வைக்கும் புரவி எடுப்பைப் பற்றித்தான்.

புரவி எடுப்பு என்று பெயர் இருந்தாலும் எடுப்பது குதிரை மட்டும் இல்லை. யானையும் காளையும் உண்டு. ஊர் கூடிப் பேசி, ஒரு பிடி மண்ணைக் குயவரான வேளாரிடம் கொடுக்கும். பிடிமண் கொடுத்தாயிற்று என்றால் வேலை தொடங்கிவிட்டது. பெரும்பாலும் அந்த மண் கண்மாய் மண்தான். மணலும் உமியும் வைக்கோலும் கலந்து மிதித்துப் பதமாக்குவார்கள். முதலில் நான்கு கால்கள், உள்ளே கூடான குழாய்களாக. அவை கொஞ்சம் இறுகிய பிறகு அடிவயிறு, அதன் மேல் விலா, முதுகு, கழுத்து என்று திரிதிரியாக மண் வைத்து ஏற்றுவார்கள். ஒரே நாளில் ஏற்றினால் அடிமண் தாங்காமல் சரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு மட்டமும் காயக் காத்திருக்க வேண்டும். யானையில் கவனம் முழுதும் துதிக்கையில் இருக்கும். தனியே நீண்டு தொங்கினால் சூளையில் விரிசல் விடும் என்பதால் காலோடோ மார்போடோ ஒட்டினாற்போல இறக்குவார்கள். சுட்டு எடுத்துச் சுண்ணாம்பு பூசி, வண்ணம் தீட்டி, கடைசியில் கண் திறப்பார்கள். கண் திறந்த பிறகுதான் அது யானை. பிறகு ஊர் ஆட்கள் தோளில் சுமந்து மேளத்தோடு கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி விடுவார்கள். அப்புறம் அதைப் பழுது பார்ப்பதோ காப்பதோ வழக்கமில்லை. கண்மாயில் எடுத்த மண், சில பத்தாண்டுகளில் கண்மாய்க் கரையிலேயே கரையும்.

நமணசமுத்திரம் போன்ற கோயில்களில் பழைய மண் உருவங்கள் வரிசை வரிசையாக நிற்பதைப் பார்த்தவர்கள் இந்த ஏற்பாட்டை உடனே புரிந்துகொள்வார்கள். யானைகளைவிடக் குதிரைகள் பல மடங்கு அதிகம். இது என் வாதத்துக்கு எதிராக வைக்கத்தக்க செய்தி. குளமங்கலத்தில் வில்லுனி ஆற்றங்கரையில் பெருங்கரையடி மீண்ட ஐயனாருக்கு எழுப்பிய சுதைக் குதிரை 30 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. மாசி மகத்தன்று காகிதப் பூ மாலைகளால் அதை மூடிவிடுவார்கள். காவல் என்ற வேலை குதிரைக்குப் போய்விட்டதால் எண்ணிக்கையும் அதற்குப் போயிற்று என்று நான் கருதுகிறேன். நேர்த்திக்கடன் பெரும்பாலும் காவலையும் நோய் நீக்கத்தையும் பிள்ளைப் பேற்றையும் ஒட்டியது. கருவறைக்கு எதிரே உள்ள அந்த ஒற்றை இடம் மட்டும் யானையிடமே இருந்துவிட்டது.

ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1968-ல் பிலடெல்பியாவில் நடத்திய இந்தியக் கிராமக் கலைக் கண்காட்சியில் தமிழகத்து மண் உருவங்களும் பேசப்பட்டன. மதுரைப் பகுதி வேளார்களைப் பற்றி ஸ்டீபன் இங்லிஸ் விரிவாக ஆராய்ந்தார். இவர்கள் எழுத்துக்கள் குதிரையைச் சுற்றியே அமைந்தன. கல்வெட்டாய்வாளர் கல்லைப் பார்த்தார்கள், ஓவிய ஆய்வாளர் விதானத்தைப் பார்த்தார்கள், மானிடவியலாளர் திருவிழாவைப் பார்த்தார்கள். யானை மூன்றுக்கும் நடுவே விழுந்துவிட்டது. சீன அரண்மனை யானைக்கு அப்படி நேரவில்லை. அரண்மனை முழுதும் ஒரே அருங்காட்சியகம், பொருள் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. ஐயனார் யானைக்கு எண் போட்டவர் யாரும் இல்லை.

இராயவரம், அரிமளம், கோனாப்பட்டு போன்ற மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர்களில் பர்மாத் தேக்கில் செய்த நிலைவாசலின் மேல் கஜலட்சுமி இருப்பாள். இரண்டு யானைகள் இரு பக்கமும் நின்று குடத்து நீரைத் தலைமேல் சொரியும். அதே வீட்டின் உள்ளே கிழக்கு நாடுகளிலிருந்து வந்த பீங்கான் ஜாடிகள் இருக்கும். யானையும் கலமும் சேர்ந்தே வருவது பெய்ஜிங்கிலும் இராயவரத்திலும் ஒன்றுதான். அங்கே கலம் முதுகில் ஏறி மூடிக்கொண்டது. இங்கே துதிக்கையில் கவிழ்ந்து ஒழுகுகிறது. செல்வம் என்பதைச் செட்டியார் வீட்டுத் தச்சரும் நீர் ஒழுகுவதாகவே செதுக்கினார்.

இப்போது அவசரமாகச் செய்ய வேண்டியவை உண்டு. சித்தன்னவாசல் விதானத்தில் சுதை உதிர்ந்து இழந்த பகுதி பெரிது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தாலும், மூச்சின் ஈரமும் பழைய கீறல்களும் செய்த சேதத்தைச் சரிசெய்ய முடியாது. எஞ்சியதை இலை இலையாக உயர்தரப் படமெடுத்துப் பொதுவில் வைக்கலாம். மண் யானைகளின் இடத்தில் பல ஊர்களில் சிமெண்ட் யானைகள் வந்துவிட்டன. ஒரு முறை செய்தால் போதும் என்பது வசதிதான். ஆனால் வேளாருக்குப் பிடிமண் கொடுக்கும் நாள் அதோடு நின்றுவிடுகிறது. திருக்கோகர்ணத்தில் 1910-ல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. 1929-ல் சமஸ்தானம் பதிப்பித்த கல்வெட்டுத் தொகுதி இருக்கிறது. அந்தத் தொகுதியில் குளமும் குமிழியும் வரும் ஊர்களை ஒரு பட்டியலாக எடுத்து, அதே ஊர்களின் ஐயனார் கோயிலில் யானை எங்கே, எந்தத் திசை பார்த்து, எந்தப் பொருளில், யார் செய்தது என்பதைக் கேட்டு எழுதினால் முதல் முறையாக இந்தக் கேள்விக்குக் கணக்கோடு விடை கிடைக்கும். மாவட்டத்துக் கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. அப்போது கண்மாயும் வற்றிக் கிடக்கும். குமிழித் தூண் அடிவரை வெளியே தெரியும், எழுத்தைப் படிக்கத் தோதான காலம்.